எந்த உப்பை விடுவது?

துறைமுகத்து யார்டில் அவளுக்கு வானவில் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்தான். இந்தப் பட்டப்பெயர் ஒரே ஒரு காலை நேரத்தில் ஒட்டிக்கொண்டது. பதினாறு வருஷமாகக் கிரேன் ஓட்டுகிறவள் அன்றைக்கு, மூன்று நாளாகக் கண்ணை மூடாமல், தூக்கம் என்பதே சோம்பேறிகள் கண்டுபிடித்த சமாசாரம் என்ற பூரிப்போடு கேபினுக்கு ஏறினாள். ஆறு மாடி உயரம். கீழே கண்டெய்னர் பெட்டிகள், எது முதலில் கப்பலேற வேண்டுமோ அந்த வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அவற்றை நிறவாரியாக மாற்றி அடுக்கிவிட்டாள். சிவப்போடு சிவப்பு, நீலத்தோடு நீலம், அப்புறம் பச்சை, மஞ்சள். மேலிடத்து உத்தரவு போலிருக்கிறது என்று கீழே இருந்தவர்களும் தலையாட்டிக்கொண்டு நின்றார்கள். விஷயம் தெரிந்ததும் யார்டு சூப்பிரண்டு ரேடியோவில் தொண்டை கிழியக் கத்தினார். இவள் பதிலுக்குப் பாட்டுப் பாடினாள்.

ஒரு பெட்டியும் நசுங்கவில்லை, ஓர் ஆளுக்கும் கீறல் படவில்லை. அந்த மட்டில் தப்பித்தாள். ஆனால் இரண்டு கப்பல்கள் மூன்று நாள் காத்துக் கிடந்தன. மேலேயிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது என்று அவள் இன்றைக்கும் ஒப்புக்கொள்வாள். சொன்ன கையோடு முகத்தையும் மூடிக்கொள்வாள்.

அதற்குப் பிறகு படுத்தவள் இரண்டு மாதம் எழுந்திருக்கவில்லை. தலை சீவ வேண்டும் என்று நினைத்தாலே அழுகை வந்தது. மனநல மருத்துவர் ஒரு பெண். இவள் வீட்டில் அவருக்கு டாக்டரம்மா என்று பெயர். அவர்தான் நோய்க்கும் பெயர் சொன்னார்: இருமுனை மனநிலை நோய். "ஒரு முனையில மேல மேல போய்க்கிட்டே இருப்பீங்க, இன்னொரு முனையில எழுந்திரிக்கவே முடியாது. ரெண்டுக்கும் நடுவுல உங்களை நிறுத்தி வைக்கத்தான் இந்த மாத்திரை. பேரைக் கேட்டுப் பயந்துடாதீங்க, லித்தியம்னா ஒரு வகை உப்புதான்" என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் அந்த மாத்திரைக்கு உப்பு என்றே பெயராகிவிட்டது. அவள் கணவர் கடைத்தெருவில் சாவி வெட்டிக் கொடுப்பவர், பூட்டு ரிப்பேரும் பார்ப்பார். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்ததும் செருப்பைக் கழற்றும்போதே, "உப்பு போட்டாச்சா?" என்று குரல் கொடுப்பார். சமையலும் அவர்தான். தானே சமைத்துவிட்டு உப்புப் போட்டாயா என்று பெண்டாட்டியைக் கேட்கிற மனுஷனைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

உப்பு வேலை செய்தது. ஆறு மாதத்தில் அவள் எழுந்தாள், குளித்தாள், வேலைக்குப் போனாள். ஆனால் கிரேனுக்கு இல்லை. வாயிற்கூண்டில் உட்காரவைத்து, உள்ளே வரும் லாரிகளின் சீல் நம்பரைச் சரிபார்க்கச் சொன்னார்கள். தலைக்கு மேலே இரும்புக் கைகள் அவள் இல்லாமலே போய் வந்துகொண்டிருந்தன. அதை நிமிர்ந்து பார்த்துப் பார்த்து அவளுக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு கடிதம் வந்தது. ஆறு வாரம் கழித்து, மருத்துவக் குழு முன்னிலையில் ஒரு சோதனை. டாக்டர் சான்றிதழோடு வந்து, ஒரு பெட்டியைத் தூக்கி, சொன்ன இடத்தில் சொன்ன நேரத்துக்குள் வைத்துக் காட்ட வேண்டும். தேறினால் கேபின். தவறினாலோ வராவிட்டாலோ ஓய்வு பெறும்வரை சீல் நம்பர். இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

கடிதத்தைப் பிடித்திருந்த கை நடுங்கியது. பயத்தில் இல்லை, அந்த மாத்திரைக்கே கொஞ்சம் கைநடுக்கம் உண்டு. தேநீர்க் கோப்பை தட்டின் மேல் கிணுகிணுவென்று சத்தம் போடும். இதில் உடம்பு வேறு உப்பியிருந்தது. இந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படிப் பெட்டியை இறக்குவது என்று அவள் உள்ளுக்குள் உருகிப்போனாள்.

இங்கேதான் அண்ணி நுழைகிறாள். சாவிக்காரரின் அக்கா. முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து, ஓய்வு பெற்றதும் தியானக் கூடம் ஒன்றில் சேர்ந்து, தினம் காலையில் அரை மணி மௌனப் பிரார்த்தனையை நடத்துகிறவள். மௌனம் என்பது அந்தக் கூடத்துக்குள் மட்டும்தான். வெளியே வந்தால் அரைமணி நேரத்துப் பாக்கியையும் சேர்த்துப் பேசித் தீர்த்துவிடுவாள். அவள்தான் ஒற்றைக்காலில் நின்று இருவரையும் தனக்குத் தெரிந்த வைத்தியரிடம் கூட்டிப்போனாள். ஆயுர்வேதம் படித்து இருபத்தைந்து வருஷமாகப் பார்க்கிறவர், குள்ளமான ஆள், மூக்குக் கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கால் கணுவை அழுத்திப் பார்த்தார்.

"தூக்கம்?"

"அரைகுறைதான் ஐயா."

"வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?"

"இல்லைங்க."

மாத்திரை என்று சொன்னால் நிறுத்தச் சொல்லிவிடுவாரோ என்று பயம். அடுத்த வாரம் டாக்டரம்மாவும் கேட்டார், "வேற எதுவும் எடுக்கறீங்களா?" என்று. "இல்லை டாக்டர்" என்றாள். வைத்தியர் என்றால் அவர் வைவாரோ என்று பயம். இரண்டு குடும்பம் வைத்திருக்கிற ஆள் மாதிரி, அங்கே போனால் இங்கத்து விஷயத்தைப் பற்றியும் இங்கே வந்தால் அங்கத்து விஷயத்தைப் பற்றியும் வாயைத் திறப்பதில்லை. முகம் மட்டும் பச்சைப்பிள்ளை முகம்.

வைத்தியர் தலைக்குத் தைலம் கொடுத்தார், உள்ளங்காலுக்கு நெய் தேய்க்கச் சொன்னார், ஒன்பதரை மணிக்கு விளக்கை அணைக்கச் சொன்னார், ஒரு சூரணம் கட்டிக் கொடுத்தார். கடைசியாகக் கையைக் கழுவிக்கொண்டே, "நாற்பது நாளைக்கு உப்பு ஆகாது. நீர் கோத்திருக்கு. உப்பை அடியோட விட்டுடுங்க" என்றார்.

சாவிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ்ஸில் ஏறி உட்காரும்வரை பொறுத்துப் பார்த்தார், முடியவில்லை.

"கவனிச்சியா? நாடியைப் பிடிச்சே கண்டுபிடிச்சுட்டாரு! நாம வாயே திறக்கல, உப்பை விடுன்னு சொல்லிட்டாரு!"

"நான் சொல்லல? அவரு கை வச்சா எக்ஸ்ரே மாதிரிடா தம்பி" என்றாள் அண்ணி.

"அவரு சொன்னது சமையல் உப்புங்க" என்றாள் வானவில்.

"சமையல் உப்பை விடுறதுக்கு எதுக்கு வைத்தியர்? அதை நானே சொல்லிருப்பேன். மாத்திரை உப்பைத்தான் சொல்லிருக்காரு!"

"மாத்திரையை விட்டா நான் திரும்ப கலர் கலரா அடுக்கப் போயிடுவேன். விடமாட்டேன்."

"அப்ப எந்த உப்பை விடுறது?"

முன் சீட்டுப் பெரியவர் திரும்பிப் பார்த்தார். "எந்த உப்பா இருந்தாலும் சரி, கொஞ்சம் மெதுவாப் பேசி விடுங்க" என்றார்.

வைத்தியரையே கேட்டிருக்கலாம். கேட்டால் மாத்திரை விஷயம் வெளியே வரும். டாக்டரம்மாவைக் கேட்டிருக்கலாம். கேட்டால் வைத்தியர் விஷயம் வெளியே வரும். வழிநெடுக யோசித்து வானவில்லே ஒரு முடிவுக்கு வந்தாள். மாத்திரை உப்பைத் தொடுவதில்லை. ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிடுவது. சமையல் உப்பை ஒரு கல்கூடச் சேர்க்காமல் நிறுத்துவது. இவருக்கும் பங்கமில்லை, அவருக்கும் பங்கமில்லை. தன் அறிவை நினைத்துத் தனக்கே பெருமையாக இருந்தது. அதைவிடப் பொறுப்பான முடிவை யாரும் எடுத்திருக்க முடியாது. வினையும் அங்கேதான் தொடங்கியது.

முதல் வாரம் பிரமாதமாகப் போனது. தைலமும் நெய்யும் கைமேல் பலன் கொடுத்தன. ஆறு மாதத்தில் முதல் தடவையாக ஏழு மணி நேரம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். காலையில் அண்ணி கூட்டிப்போய்த் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். மூச்சைக் கவனித்தபடி, மனசுக்குப் பிடித்த சாமியிடம் சத்தமில்லாமல் பேசலாம். வானவில்லுக்குச் சாமியிடம் பேசுவதற்கு இருந்தது ஒரே விஷயம். என்னை மறுபடி மேலே ஏற்று.

இரண்டாவது வாரம் கை அதிகமாக நடுங்கியது. வயிறு பிரட்டியது, நாலு தடவை வெளியே போனாள். "கெட்டதெல்லாம் வெளியே போகுது, நல்லதுதான்" என்றாள் அண்ணி. மூன்றாவது வாரம் கோப்பை தட்டில் கிணுகிணுக்கவில்லை, கையைவிட்டே விழுந்தது. வாயிற்கூண்டில் சீல் நம்பரை எழுதினால் ஏழும் ஒன்றும் ஒரே மாதிரி கோணின. நாக்கு தடித்து, பேச்சு இழுத்தது. படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். சாவிக்காரர் ஓடிவந்து தாங்கிப் பிடித்தார்.

"ஏம்மா, சோதனைக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. டாக்டரம்மாகிட்ட போயிடலாமா?"

"இந்தக் கையை அவங்க பார்த்தா சான்றிதழ் தருவாங்களாங்க? நாற்பது நாள் முடியட்டும். சரியாயிடும்."

அழுதுகொண்டேதான் சொன்னாள். மேலே ஏறுவதற்காகச் செய்வதெல்லாம் தன்னைக் கீழே கீழே இழுக்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒத்துக்கொள்ளத்தான் தைரியம் இல்லை.

வைத்தியரிடம் மறுபடி போக வேண்டிய நாள் வந்தது. முற்பகல், வாசல் பெஞ்சில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவள் கால் பின்ன உள்ளே வந்ததைப் பார்த்ததும் வைத்தியர் நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். அவர் அதை இறக்கி அண்ணியே பார்த்ததில்லை.

"கையை நீட்டுங்க."

நீட்டினாள். விரல்கள் தாறுமாறாகத் துடித்தன.

"நான் கொடுத்த எதுவும் இப்படிப் பண்ணாது. என்ன சாப்பிடறீங்க? உண்மையைச் சொல்லுங்க."

"ஒண்ணும்... இல்லைங்க." பேச்சு குழறியது.

சாவிக்காரரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "ஐயா, நீங்க சொன்னபடி சமையல் உப்பை அடியோட விட்டாச்சு. மாத்திரை உப்பை மட்டும்தான் விடல. அதையும் சேர்த்து விட்டிருக்கணுமா? எந்த உப்புன்னு நீங்க சொல்லவே இல்லையே!"

"மாத்திரை உப்பா? அது என்ன மாத்திரை உப்பு?"

குட்டு உடைந்தது. சாவிக்காரர் மாத்திரை அட்டையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். வைத்தியர் படித்தார். அவர் முகம் வெளுத்ததை மூன்று பேரும் பார்த்தார்கள்.

"லித்தியம் சாப்பிடறவங்களையா நான் உப்பை விடச் சொன்னேன்?" என்று மெதுவாகக் கேட்டவர், அடுத்த நொடியே கத்தினார். "கேட்டேனே! வாயைத் திறந்து கேட்டேனே! இல்லைன்னு சொன்னீங்களே!" கத்திக்கொண்டே செருப்பை மாட்டினார், காத்திருந்தவர்களிடம் நாளைக்கு வரச் சொன்னார், ஆட்டோவைக் கை தட்டி நிறுத்தினார். சூரணப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு, முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். இருபத்தைந்து வருஷத்தில் அவர் தன் நோயாளியோடு ஓர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது அன்றுதான்.

ரத்தம் எடுத்தார்கள். ஒன்றுக்குள் இருக்க வேண்டிய லித்தியம் அளவு ஒன்றே முக்காலைத் தாண்டியிருந்தது. மாத்திரையை உடனே நிறுத்தி, கையில் ஊசி குத்திச் சொட்டுச் சொட்டாக உப்புநீர் ஏற்றினார்கள். டாக்டரம்மா கட்டிலருகே வந்து நின்றார்.

"சாப்பாட்டு உப்பு உடம்புல குறைஞ்சா, சிறுநீரகம் இந்த மாத்திரையை வெளிய விடாம பிடிச்சு வச்சுக்கும். ரத்தத்துல ஏறிக்கிட்டே போகும். இன்னும் ஒரு வாரம் போயிருந்தா வலிப்பு வந்திருக்கும், உயிருக்கே ஆபத்தாயிருக்கும். யாரு உங்களை உப்பை விடச் சொன்னது?"

"நான்தான்" என்றார் வைத்தியர், கதவோரத்திலிருந்து.

டாக்டரம்மா திரும்பினார். சண்டை நடக்கப் போகிறது என்று அண்ணி பிரார்த்தனைக்குத் தயாராகி, கண்ணைக்கூட மூடிவிட்டாள்.

"நீங்க ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே?" என்றார் டாக்டரம்மா.

"நீங்க ஒருத்தர் இருக்கறதே எனக்கு இன்னிக்குத்தானம்மா தெரியும். உங்களுக்கு நான் இருக்கறது தெரியுமா?"

"தெரியாது. கேட்டேன். இல்லைன்னு சொன்னாங்க."

"என்கிட்டயும் அதையேதான் சொன்னாங்க."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கட்டிலைப் பார்த்துத் திரும்பினார்கள். அதற்கப்புறம் பத்து நிமிஷம் நவீன மருத்துவமும் ஆயுர்வேதமும் கருத்து வேறுபாடே இல்லாமல் ஒற்றுமையாக வானவில்லைத் திட்டின. ஒருவர் மூச்சு விட நிறுத்தினால் மற்றவர் தொடர்ந்தார். அவள் கண்ணீரும் மூக்குமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் இத்தனை வாரத்தில் முதல் தடவையாக யாரிடமும் எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. மார்பின் மேலிருந்து யாரோ இறங்கிப் போன மாதிரி இருந்தது.

"என் சான்றிதழ் போச்சா டாக்டர்?" என்றாள்.

"போறதும் வர்றதும் உங்க கையில இருக்கு. முதல்ல, மறைக்கறதை நிறுத்துங்க."

நான்காம் நாள், பேச்சு தெளிந்து நடை நேரானதும், டாக்டரம்மாவின் அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மேஜை மேல் ஒரே ஒரு தாள். இனி இந்த நோயாளிக்கு யார் என்ன கொடுத்தாலும் இதில்தான் எழுத வேண்டும், இதில் இல்லாதது வாய்க்குள் போகக்கூடாது என்றார் டாக்டரம்மா. முதல் வரியில் மாத்திரை, குறைத்த அளவில், இரண்டு நாள் கழித்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியது. இரண்டாவது வரியில், சாப்பாட்டில் உப்பு, கூட்டாமல் குறைக்காமல் எப்போதும் போல.

வைத்தியர் பேனாவை வாங்கினார். தைலம், உள்ளங்கால் நெய், ஒன்பதரை மணி என்று எழுதினார். டாக்டரம்மா எட்டிப் பார்த்தார்.

"இதுல தூங்கினாங்களா?"

"ஏழு மணி நேரம் டாக்டர்" என்றார் சாவிக்காரர். "குறட்டைகூட விட்டா."

"அப்ப இருக்கட்டும். இந்த நோய்ல தூக்கம் கெட்டாத்தான் எல்லாம் கெடும். அதை உங்க எண்ணெய் காப்பாத்திக் கொடுத்தா எனக்கென்ன கசக்குமா?"

வைத்தியருக்கு முகமெல்லாம் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். அடுத்த வரியில் சூரணம் என்று எழுதியவர், கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானே குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "இதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். உங்க மாத்திரையோட சேர்ந்தா என்ன பண்ணும்னு தெரியாது. தெரியாததை நான் தரமாட்டேன்" என்றார். டாக்டரம்மா எழுந்திருக்கவில்லை, கைகொடுக்கவில்லை. அவர் பக்கம் தேநீர்க் கோப்பையை நகர்த்தி வைத்தார்.

அண்ணியின் முறை வந்தது. மாதத்தில் ஒரு நாள் பட்டினி, ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து பிரார்த்தனை, தினம் காலையில் அரை மணி. டாக்டரம்மா முதல் இரண்டையும் அடித்தார்.

"பட்டினி கிடந்தாலும் தண்ணி குறைஞ்சாலும் மாத்திரை ரத்தத்துல ஏறும். ராத்திரி முழிச்சா இவங்களே ஏறிடுவாங்க. காலையில அரை மணி நல்லது. அது வேணும்."

"அடிக்கறதுக்குன்னே பேனா வச்சிருக்கீங்க" என்று முனகினாள் அண்ணி.

"உங்களுக்கு வேற வேலை தரப்போறேன். முப்பது வருஷம் போன்ல குரல் கேட்டிருக்கீங்களாமே. ஒருத்தர் பதட்டமா இருக்காரா, சந்தோஷமா இருக்காரான்னு முகம் பார்க்காமலே தெரியுமா?"

"ஹலோங்கறதுலயே தெரியும்."

"அப்ப தினம் பிரார்த்தனை முடிஞ்சதும் ரெண்டு நிமிஷம் இவங்களைப் பேசவிட்டுக் கேளுங்க. வேகம் கூடுதா, குறையுதான்னு எழுதுங்க. மாறினா எனக்கு உடனே போன் பண்ணுங்க."

தன் நாத்தனாரை இரண்டு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இன்னொருத்தரைக் கேட்கவைக்க முடியும் என்று வானவில் கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் அண்ணி கேட்டாள். கூடத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடி, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். பத்தாம் நாள் காலை, வானவில் ஏதோ சாதாரணமாகத்தான் கடைக்குப் போய் வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணி கண்ணைத் திறந்தாள்.

"நீ மூச்சு விடற இடம் மாறிடுச்சும்மா. வாக்கியம் முடியறதுக்கு முன்னாடியே அடுத்ததை எடுக்கறே. நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினே?"

"அஞ்சு... நாலரை. ஆனா எனக்குக் களைப்பே இல்லை அண்ணி, நல்லாத்தான்..."

சொல்லும்போதே அவளுக்குப் பொறி தட்டியது. களைப்பே இல்லை. அந்தக் காலையிலும் இதையேதான் சொல்லிக்கொண்டாள். முன்பாக இருந்தால் மறைத்திருப்பாள். சோதனைக்கு ஒரு வாரமே இருந்தது. இந்தத் தடவை அண்ணியின் கையிலிருந்த போனைத் தானே வாங்கி டாக்டரம்மாவை அழைத்தாள். அன்றைக்கே ரத்தம் பார்த்தார்கள். அளவு தாழ்ந்திருந்தது, மாத்திரையைக் கொஞ்சம் கூட்டினார்கள். வைத்தியர் தானே வீட்டுக்கு வந்து சாயங்காலத்திலேயே தலையில் தைலம் வைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் போனார். நான்காம் நாள் தூக்கம் ஏழுக்குத் திரும்பியது. குரல் வேகம் சாதாரணம் என்று அண்ணி எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டாள். வரும்போதே பிடித்து நிறுத்திவிட்டார்கள். அந்த நோய் அவளிடம் தோற்றது அன்றுதான் முதல் தடவை.

சோதனை நாளில் மருத்துவக் குழு மூன்று பேர், பக்கத்தில் கை கட்டிக்கொண்டு யார்டு சூப்பிரண்டு. படிவத்தில் ஒரு கேள்வி: தற்போது எடுத்துக்கொள்ளும் மருந்துகள். வானவில் டாக்டரம்மாவின் சான்றிதழோடு அந்தத் தாளின் நகலையே இணைத்தாள். மாத்திரை, தைலம், நெய், அரை மணி பிரார்த்தனை, அடித்த சூரணம் உட்பட. கீழே மூன்று கையெழுத்து. குழுவின் தலைவர் மேலும் கீழும் படித்தார்.

"இவ்வளவு விவரமா யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. கையை நீட்டுங்க."

நீட்டினாள். விரல் நுனியில் லேசான நடுக்கம் இருந்தது.

"நடுங்குதே?"

"நடுங்கும் சார். மாத்திரைக்கு இவ்வளவு உண்டு. முழங்கையை இருக்கைக் கைப்பிடியில ஊன்றினா நெம்புகோலுக்குத் தெரியாது. தெரிஞ்சா நீங்க ஃபெயில் போடுங்க." குரல் சமமாக இருந்தது. தன் காதாலேயே அளந்து பார்த்துக்கொண்டாள்.

ஏணியில் ஏறினாள். ஒரு வருஷம் கழித்து. படிகளைத் தாண்டித் தாண்டி ஏறவில்லை, ஒவ்வொன்றாக, மூச்சை எண்ணிக்கொண்டு ஏறினாள். கேபின் கதவைத் திறந்ததும் பழைய கிரீஸ் வாசனை அடித்தது. அங்கேயே ஒரு பாட்டம் அழுதுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கீழே சாக்பீஸில் கட்டம் போட்ட லாரி நின்றது. பெட்டியின் நான்கு மூலையையும் கவ்விப் பிடிக்கும் இரும்புச் சட்டத்தை இறக்கிப் பூட்டி, தூக்கினாள். பாதி வழியில் கடல் காற்று அடித்து, பெட்டி வலப்பக்கம் ஆடியது. புதியவர்களாக இருந்தால் பயந்து எதிர்ப்பக்கம் இழுப்பார்கள், ஆட்டம் இரண்டு மடங்காகும். தெரிந்தவர்கள் பெட்டி போகிற பக்கமே தாங்களும் போவார்கள். அது திரும்ப நினைக்கிற நொடியில் அதன் நேர் மேலே போய் நின்றுகொள்வார்கள். வானவில் முழங்கையை ஊன்றினாள். வலப்பக்கம் ஒரு எட்டு போனாள், நின்றாள். பெட்டி நின்றது. ஆடாமல் அசையாமல், தூக்குக்குண்டு மாதிரி நின்றது. இறக்கினாள். நான்கு மூலையும் ஒரே சத்தத்தில் உட்கார்ந்தன. மூன்று நிமிஷம் கொடுத்திருந்தார்கள், இரண்டேகால்கூட ஆகவில்லை.

கீழே குழுத் தலைவர் எதையோ எழுதி, லாரியின் பானெட் மேல் வைத்துக் கையெழுத்துப் போடுவது தெரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நான்கு பேர் நின்றிருந்தார்கள். டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், வெளிநோயாளிகள் காத்திருப்பார்கள். வைத்தியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினார். அண்ணி வாய் ஓயாமல் அவர்கள் இரண்டு பேருக்கும் எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். சாவிக்காரர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு சும்மா நின்றார்.

அவள் இறங்குவதற்காக இருக்கை வாரைக் கழற்றினாள். ரேடியோ கரகரத்தது. சூப்பிரண்டின் குரல்.

"இறங்காதம்மா. இன்னிக்கு இந்த ஏழாம் கிரேனுக்கு ஆள் வரல. உனக்குப் பின்னாடி பதினோரு லாரி நிக்குது. உட்காரு."

வாரை மறுபடி மாட்டினாள். உள்ளே குபுக்கென்று ஒன்று பொங்கி, தொண்டைவரை ஏறியது. உடனே பயந்துபோனாள். ஒரு வருஷமாக அவளுக்கு இப்படித்தான். சிரிப்பு வந்தால் போதும், இது நானா நோயா என்று தன்னையே சந்தேகப்பட வேண்டும். கண்ணை மூடி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். தூங்கினேனா? ஏழு மணி நேரம். பசிக்கிறதா? நன்றாகப் பசிக்கிறது. களைப்பு? ஏணி ஏறிய கால் கெஞ்சுகிறது. பெட்டிகளை என்ன செய்ய வேண்டும்? சொன்ன இடத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்தாள். இது வெறும் சந்தோஷம். வேலை திரும்பக் கிடைத்த யாருக்கும் வரக்கூடிய, கலப்படமில்லாத, அவளுடைய சொந்தச் சந்தோஷம்.

"ஏழாம் கிரேன் ரெடி சார்" என்று ரேடியோவில் சொல்லிவிட்டு, அடுத்த பெட்டிக்குச் சட்டத்தை இறக்கினாள்.